கோரிமேட்டு வானொலி எட்டாத இடம்

புதுச்சேரி அகில இந்திய வானொலி நிலையம் உழவர்கரைப் பகுதியில், கோரிமேட்டில் இருக்கிறது. அதன் ரெயின்போ பண்பலையை 102.8 மெகாஹெர்ட்ஸில் கேட்கிறோம். லாஸ்பேட்டை டீக்கடையிலும் ரெட்டியார்பாளையம் ஆட்டோவிலும் நாள் முழுக்க ஒலிக்கும் அதே அலைவரிசையில் வேறொரு செய்தியும் வந்துகொண்டிருக்கிறது. பிரபஞ்சம் பிறந்து முப்பது கோடி ஆண்டுகளைச் சற்றே கடந்திருந்த காலத்தில், ஹைட்ரஜன் அணுக்கள் ஒரு வானொலி அலையில் தங்கள் தடத்தைப் பதித்தன. புறப்பட்டபோது அந்த அலையின் நீளம் 21 சென்டிமீட்டர். பிரபஞ்சம் விரிய விரிய அலையும் நீண்டது, அலைவெண் குறைந்தது. இன்று பூமிக்கு வந்து சேரும்போது அது ஏறக்குறைய 102.8-இல் வந்து நிற்கிறது.

அந்த அலை நம் மொட்டைமாடியிலும் விழுகிறது. பிரித்துக் கேட்கத்தான் வழியில்லை. கோரிமேட்டை மட்டும் குறை சொல்ல முடியாது. 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை உலகமெங்கும் பண்பலை நிலையங்கள் நிரம்பிக் கிடக்கின்றன. அவற்றுக்குக் கீழே சிற்றலை ஒலிபரப்புகள், மேலே விமானப் போக்குவரத்து, கைப்பேசி, செயற்கைக்கோள். பூமியில் எங்கே போய் நின்றாலும் இவற்றில் ஏதாவது ஒன்று எட்டிப் பிடித்துவிடும். பூமியின் ஒலிபரப்பு ஒன்றுகூட எட்டாத, நாம் போய்ச் சேரக்கூடிய நிலம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது நிலவின் மறுபக்கம்.

நிலவில் வானாய்வகம் என்றதும் பளபளக்கும் குவிமாடமும் அதற்குள் பெரிய கண்ணாடித் தொலைநோக்கியும்தான் பலருக்கு நினைவில் வரும். நான் அப்படிப் பார்க்கவில்லை. ஒளியைப் பார்க்க நிலவுக்குப் போக வேண்டிய கட்டாயம் இன்று இல்லை. வானொலியைக் கேட்கப் போயே ஆக வேண்டும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காவிட்டால் பணமும் வீணாகும், அந்த இடமும் வீணாகும்.

ஒளிக்கு என்ன தடை என்பதைப் புதுச்சேரிக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. அறிவியல் வரலாற்றில் மேகத்தால் மிகப் பெரிய ஏமாற்றத்தைச் சந்தித்தவர் இந்த ஊரில்தான் அதைச் சந்தித்தார். பிரெஞ்சு வானியலாளர் குயோம் லெ ழாந்தீல், வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்க 1760 மார்ச்சில் பிரான்சிலிருந்து புதுச்சேரிக்குக் கப்பல் ஏறினார். வந்து சேருமுன் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. 1761 ஜூன் 6 அன்று அவர் நடுக்கடலில், ஆடும் கப்பலில் இருந்தார். அளக்க முடியவில்லை. அடுத்த கடப்பு 1769-இல். எட்டு ஆண்டுகள் பிரான்சுக்குத் திரும்பாமலே காத்திருந்தார். 1768-இல் மீண்டும் பிரெஞ்சு ஊராகியிருந்த புதுச்சேரிக்கு வந்து, இடிந்து கிடந்த கோட்டையின் மேல் ஓர் ஆய்வகம் கட்டினார். அப்போதைய ஆளுநர் ழான் லோ தெ லோரிஸ்தோன் அவருக்கு உதவினார். நம் லாஸ்பேட்டைக்கு அந்த லோவின் பெயர்தான். சென்னையில் இருந்த ஆங்கிலேயர்கள் நல்ல தொலைநோக்கி ஒன்றை அனுப்பி உதவினார்கள். மே மாதக் காலைகள் எல்லாம் தெளிவாக விடிந்தன. 1769 ஜூன் 4 விடியலில் மட்டும் மேகம் மூடியது. வெள்ளி சூரியனைக் கடந்து முடிந்த பிறகு வெயில் அடித்தது.

அவர் வெறுங்கையோடு திரும்பவில்லை. இங்கிருந்த தமிழ்க் கணிதர் ஒருவரிடம் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்றுக்கொண்டார். 1765 ஆகஸ்டு 30 சந்திர கிரகணத்தின் கால அளவை அந்தத் தமிழர் கணித்துக் காட்டியபோது விடை 41 விநாடி குறைந்தது. அன்றைய ஐரோப்பாவின் சிறந்த அட்டவணையான டோபியாஸ் மேயரின் கணக்கு 68 விநாடி கூடியது. ஜான் வாரன் என்ற இன்னொரு வானியலாளரும், 1825-இல் நிகழ்ந்த ஒரு சந்திர கிரகணத்தைப் புதுச்சேரிப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் தரையில் சோழிகளை அடுக்கி, அட்டவணைகளை மனப்பாடமாகச் சொல்லிக் கணித்ததைப் பதிவு செய்திருக்கிறார். நிலவு எப்போது எங்கே இருக்கும் என்று இந்த ஊரில் கணக்கு போடத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். கணக்குக்கு மேகம் தடையில்லை. கண்ணுக்குத்தான் தடை.

காற்று மேகத்தை மட்டும் கொண்டுவருவதில்லை. விண்மீன்கள் மினுக்குவது நமக்கு அழகு, வானியலாளருக்கோ தொல்லை. காற்று அலைவதால் ஒளிப்புள்ளி குழம்பிவிடும். புறஊதாக் கதிர்களில் பெரும்பகுதியை ஓசோன் விழுங்கிவிடும், அகச்சிவப்பில் கணிசமான பகுதியை நீராவி விழுங்கும். அதனால்தான் வானியலாளர் வைணு பாப்பு தன் ஆய்வகத்துக்கு ஜவ்வாது மலையில் காவலூரைத் தேடிப் பிடித்தார். லடாக்கில் ஹான்லேயில் 4,500 மீட்டர் உயரத்தில் இமாலய சந்திரா தொலைநோக்கி நிற்பதும் அதனால்தான். எவ்வளவு மேலே ஏறினாலும் தலைக்கு மேல் கொஞ்சம் காற்று மிஞ்சத்தான் செய்யும்.

நிலவில் காற்று இல்லை என்றே சொல்லலாம். 1972 ஏப்ரலில் அப்பல்லோ 16 வீரர்கள் அங்கே ஒரு புறஊதாத் தொலைநோக்கியை நிறுத்தினார்கள். ஜார்ஜ் கர்ருதர்ஸ் என்ற கறுப்பின இயற்பியலாளர் வடிவமைத்த, தங்கமுலாம் பூசிய சிறு கருவி அது. வேறொரு உலகத்தின் மண்ணில் நின்று வானத்தைப் பார்த்த முதல் தொலைநோக்கி. வெயில் பட்டால் சூடேறிவிடும் என்று இறங்குகலத்தின் நிழலில் வைத்தார்கள். சூரியன் ஏற ஏற நிழல் குறுகியது, வீரர்கள் கருவியை நிழலுக்குள் நகர்த்தி நகர்த்தி வைக்க வேண்டியிருந்தது. பூமியைச் சுற்றி ஹைட்ரஜன் போர்த்தியிருக்கும் ஒளிவட்டத்தை அது படம் பிடித்தது. நாம் உள்ளேயே இருப்பதால் ஒருநாளும் முழுதாகப் பார்க்க முடியாத ஒன்று அது. 2013 டிசம்பரில் சீனாவின் சாங்கே 3 இன்னொரு சிறிய புறஊதாத் தொலைநோக்கியை இறக்கியது. 15 சென்டிமீட்டர்தான் விட்டம் என்றாலும் பல ஆண்டுகள் உழைத்தது. நிலவு மெதுவாகச் சுழல்வதால் ஒரே விண்மீனை நாள்கணக்கில் இமைக்காமல் பார்க்க முடிந்தது.

இவ்வளவு சொன்ன பிறகும், பெரிய ஒளித் தொலைநோக்கியை நிலவில் கட்ட வேண்டும் என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி, காற்றும் மண்ணும் இல்லாத வெட்டவெளியில் 2022 முதல் வேலை செய்கிறது. அங்கே தூசி இல்லை, பதினான்கு நாள் இரவு இல்லை, இறங்கும்போது கவிழும் ஆபத்தும் இல்லை. நிலவின் தென்துருவப் பள்ளங்களில் வெயிலே படாத இடங்கள் உண்டு. சில இடங்களில் மைனஸ் 240 டிகிரிக்கும் கீழே குளிர் உறைந்திருக்கிறது. அகச்சிவப்புக் கருவிக்கு அது நல்ல இடம் என்கிறார்கள். இருக்கலாம். அதைவிட, நில அதிர்வு குறைந்த அந்த மண் ஈர்ப்பலைகளை உணரத் தோதானது என்ற யோசனை என்னை அதிகம் ஈர்க்கிறது. ஆனால் இவை எதுவும் வேறு இடத்தில் செய்யவே முடியாத வேலைகள் என்று சொல்லிவிட முடியாது.

வானொலிக்கு வேறு வழி இல்லை.

எழுபதுகளில் வளர்ந்த எந்தத் தமிழரைக் கேட்டாலும் இலங்கை வானொலியைச் சொல்வார். சிற்றலையில் முள்ளை நகர்த்தி நகர்த்தித் தேடினால், கொழும்பிலிருந்து வரும் பாட்டு ஏறி இறங்கி, நடுவே கரைந்து, மறுபடி தெளிவாகக் கேட்கும். சிற்றலையைக் கடல் தாண்டி இவ்வளவு தூரம் கொண்டுவந்து சேர்ப்பது அயனி மண்டலம். சூரியக் கதிர்கள் மேல் வளிமண்டலத்து அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்து எறிவதால் உண்டாகும் அடுக்கு அது. தரையிலிருந்து எழும் சிற்றலை அதில் பட்டுத் திரும்பி வரும். உள்ளிருந்து போவதைத் திருப்பும் அடுக்கு வெளியிலிருந்து வருவதையும் திருப்பத்தான் செய்யும். பத்து மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே பிரபஞ்சம் அனுப்பும் அலைகளில் பெரும்பகுதி தரையை வந்து சேருவதே இல்லை. அதற்குச் சற்று மேலே வருபவையும் நெளிந்து வளைந்துதான் வருகின்றன. நமக்குக் கொழும்பைக் கொண்டுவந்து சேர்த்த அடுக்கே, வானத்தின் ஒரு பெரும் பகுதியை அடைத்தும் வைத்திருக்கிறது.

எலக்ட்ரான் அடர்த்திதான் இதில் கணக்கு. பகலில் பூமியின் அயனி மண்டலத்தில் ஒரு கன சென்டிமீட்டருக்குப் பத்து லட்சம் எலக்ட்ரான்கள் வரை இருக்கும். சந்திரயான் 3 கொண்டுபோன ரம்பா கருவி நிலவின் தரையருகே அளந்தபோது கிடைத்தது அதிகபட்சம் சில நூறு. அந்த அளவு எலக்ட்ரான்கள் தடுக்கக்கூடியது சில நூறு கிலோஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள அலைகளை மட்டுமே. ஒரு மெகாஹெர்ட்ஸிலிருந்து மேலே வானம் திறந்து கிடக்கிறது. இந்த அளவீட்டைத் தந்தது சந்திரயான் 3-இன் விக்ரம் இறங்குகலம். அத்திட்டத்தின் இயக்குநர் ப. வீரமுத்துவேல், நமக்குப் பக்கத்து ஊரான விழுப்புரத்துக்காரர். சந்திரயான் வெற்றியைக் கொண்டாடியவர்கள் இந்த எண்ணைக் கவனித்தார்களா தெரியவில்லை. ஆய்வகம் கட்ட இடம் பார்ப்பவருக்கு இது மனை சோதனை அறிக்கை.

காற்று இல்லாததும் எலக்ட்ரான் குறைவதும் நிலவின் இரு பக்கத்துக்கும் பொது. மறுபக்கத்துக்கு மட்டும் கூடுதலாக ஒன்று உண்டு. நிலவு தன்னைத்தானே சுற்ற எடுக்கும் காலமும் பூமியைச் சுற்ற எடுக்கும் காலமும் ஒன்று. அதனால் ஒரு முகத்தையே நமக்குக் காட்டுகிறது. மறுபக்கத்தின் நடுவில் நிற்பவர் பூமியைப் பார்க்கவே முடியாது. நமக்கும் அவருக்கும் நடுவே மூவாயிரத்து நானூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பாறை நிற்கும். 1973-இல் அமெரிக்கா ஏவிய எக்ஸ்புளோரர் 49 இதை நேரடியாகவே காட்டியது. நீண்ட கம்பி ஆன்டெனாக்களை விரித்தபடி நிலவைச் சுற்றிய அந்தக் கலம், பூமி தெரியும்போதெல்லாம் இரைச்சலைப் பதிவு செய்தது. நிலவுக்குப் பின்னால் நுழைந்ததும் வரைகோடு சட்டென்று கீழே விழுந்தது. பூமி மறுபடி தலைகாட்டியதும் கோடு மேலே ஏறியது.

அந்த அமைதியில் எதைக் கேட்கப் போகிறோம்? பெருவெடிப்புக்குப் பிறகு 3,80,000 ஆண்டுகளில் முதல் அணுக்கள் உருவாயின. அதற்குப் பின் பத்துக் கோடி ஆண்டுக்கும் மேலாக விண்மீன் என்று ஒன்றுகூட இல்லை. எங்கும் இருளும் ஹைட்ரஜனும்தான். அந்த இருண்ட காலத்தைப் பார்க்க எந்த ஒளித் தொலைநோக்கியாலும் முடியாது, ஏனெனில் ஒளிவிட அங்கே எதுவும் இல்லை. ஹைட்ரஜனின் 21 சென்டிமீட்டர் அலை மட்டுமே சாட்சி. இருண்ட காலத்து அலை இன்று 50 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே வருகிறது. முதல் விண்மீன்கள் எரியத் தொடங்கிய காலத்து அலை 50 முதல் 110 வரை, அதாவது நம் பண்பலைப் பட்டையிலும் அதன் அக்கம்பக்கத்திலும் வருகிறது. நம் பால்வெளியின் சொந்த வானொலி இரைச்சலோ இதைவிடப் பல ஆயிரம் மடங்கு உரத்தது. கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரமும் தவிலும் முழங்கும்போது கொசுவின் ரீங்காரத்தைத் தேடுவது போன்ற வேலை.

அந்த ரீங்காரம் கேட்டுவிட்டதாக 2018-இல் ஒரு குழு அறிவித்தது. மேற்கு ஆஸ்திரேலியாவின் வெறுநிலத்தில் எட்ஜஸ் என்ற மேசை போன்ற ஆன்டெனா 78 மெகாஹெர்ட்ஸ் அருகே அலையின் வலிமையில் ஒரு பள்ளத்தைப் பதிவு செய்தது. எதிர்பார்த்ததைவிட ஆழமான பள்ளம். புதிய இயற்பியலே தேவைப்படும் என்று கட்டுரைகள் குவிந்தன. அதைச் சோதித்துப் பார்த்தவர்கள் பெங்களூரு ராமன் ஆராய்ச்சிக் கழகத்தினர். ஆன்டெனாவின் கீழே கிடக்கும் கல்லும் மண்ணும் அலைகளை ஒழுங்கில்லாமல் திருப்பி விடுவது அவர்களுக்குத் தெரியும். சீரான தரை எங்கே கிடைக்கும்? தண்ணீரில் கிடைக்கும். 2020-இல் கர்நாடகத்தின் தண்டிகானஹள்ளி ஏரியிலும் ஷராவதி நீர்த்தேக்கத்திலும் சரஸ் 3 என்ற ஆன்டெனாவைத் தெப்பத்தில் மிதக்கவிட்டுக் கேட்டார்கள். 2022-இல் முடிவு வெளியானது. எட்ஜஸ் சொன்ன பள்ளம் வானத்திலிருந்து வந்ததில்லை என்று அவர்கள் முடிவு கூறினார்கள். பெரிய நாடுகளின் பெரிய கருவிகளுக்கு நடுவே, ஓர் ஏரியும் தெப்பமும் இந்தக் கேள்வியைச் சோதித்துப் பார்த்ததை நினைக்கப் பெருமையாக இருக்கிறது. அந்தக் குழுவின் அடுத்த திட்டம் பிரதுஷ். நிலவைச் சுற்றும் கலத்தில் ஆன்டெனாவைப் பொருத்தி, ஒவ்வொரு சுற்றிலும் மறுபக்கத்துக்குப் போகும்போது மட்டும் 55 முதல் 110 மெகாஹெர்ட்ஸ் வரை கேட்பது. தண்ணீரிலும் கிடைக்காத அமைதியை அங்கே தேடுகிறார்கள்.

நிலவை வானொலி வானியலுக்குப் பயன்படுத்துவது தமிழ்நாட்டுக்குப் புதிதும் அல்ல. 1970-இல் ஊட்டி அருகே முத்தோரையில் வானொலி வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் எழுப்பிய வானொலித் தொலைநோக்கி 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்டது. அவர் தேடியது சுமார் 11 டிகிரி சாய்ந்த, வடக்கு தெற்காக ஓடும் மலைச்சரிவு. அந்த இடத்தின் அட்சரேகையும் 11 டிகிரியை ஒட்டியதே. சரிவில் கிடத்திய தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிடும். ஒரே அச்சில் சுழற்றினால் போதும், ஒரு மூலத்தை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் விடாமல் தொடரலாம். அது முதலில் செய்த வேலை, நிலவு வானொலி மூலங்களை மறைக்கும் கணங்களைப் பதிவு செய்வது. நிலவின் விளிம்பு ஒரு மூலத்தை எவ்வளவு நேரத்தில் மூடுகிறது என்பதைக் கொண்டு அந்த மூலத்தின் கோண அளவைக் கணக்கிட்டார்கள். தொலைவில் உள்ள மூலங்களின் அளவுகள், பிரபஞ்சம் காலத்தோடு மாறிவந்திருக்கிறது என்ற கருத்துக்கு வலுச்சேர்த்தன.

மலைச்சரிவையே தாங்கியாக்கிக்கொண்ட ஸ்வரூப்பின் யோசனையை, நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் சப்தரிஷி பந்தோபாத்யாய் குழு முன்வைத்திருக்கும் திட்டத்தோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றுகிறது. மறுபக்கத்தில் ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டிய கிண்ணப்பள்ளம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் குழிவில் 350 மீட்டர் அகலக் கம்பிவலையைத் தொங்கவிடுவது. பள்ளமே கிண்ணம், ரோபோக்களே கொத்தனார்கள். இன்னும் காகிதத்தில் இருக்கும் திட்டம்தான். ஆனால் நிலத்தின் வடிவைப் பார்த்துக் கருவி செய்யும் அந்த அறிவு ஊட்டியில் பலித்தது.

தடைகளை மறைத்துப் பயனில்லை. முதல் தடை இரவு. 2023 ஆகஸ்டு 23 அன்று இறங்கிய விக்ரம் ஒரு நிலாப்பகல் வேலை செய்தது. செப்டம்பர் 4-இல் உறங்க வைக்கப்பட்டது. மறுபடி சூரியன் உதித்தும் எழவில்லை. இரண்டு வாரக் குளிரைத் தாங்கும்படி அது செய்யப்பட்டதும் இல்லை. இருண்ட காலத்து அலையைக் கேட்பதற்கோ இரவுதான் நல்ல நேரம், ஏனெனில் சூரியனும் வானொலியில் இரைவது உண்டு. ஆகவே கருவி உறங்க வேண்டிய நேரத்தில்தான் அதற்கு வேலை. அடுத்தது தூசி. காற்றும் நீரும் தேய்க்காத, கண்ணாடித் துண்டு போன்ற கூர்மை அதற்கு, மின்னேற்றமும் சேர்ந்துகொண்டு ஒட்டிவிடும். அப்பல்லோ வீரர்கள் வைத்துவந்த லேசர் பிரதிபலிப்பான்கள் இன்று திருப்பி அனுப்பும் ஒளி, எதிர்பார்த்ததில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிட்டது. தூசி படிந்திருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள். வானொலிக் கம்பிக்கு இந்தத் தூசி பெரிய பொருட்டில்லை. அதுவும் ஒளியைவிட வானொலிக்கே நான் ஓட்டுப் போடுவதற்கு ஒரு காரணம்.

மூன்றாவது தடை நாமே. 2019 ஜனவரி 3-இல் சாங்கே 4 முதன்முதலாக மறுபக்கத்தில் இறங்கியது. குறைந்த அலைவெண் கருவியும் அதில் இருந்தது. ஆனால் கலத்தின் சொந்த மின்னணுச் சாதனங்களின் இரைச்சலே அதற்குப் பெரும் இடையூறானது. 2024 பிப்ரவரியில் தென்துருவம் அருகே இறங்கிச் சாய்ந்துபோன அமெரிக்கத் தனியார் கலத்தில் இருந்த வானொலிக் கருவியின் சொற்பத் தரவில் தெளிவாகத் தெரிந்தது, பூமியின் ஒலிபரப்புகள்தாம். மறுபக்கத்துக்குப் போகவிருக்கும் லூசீ நைட் என்ற கருவியின் திட்டத்தை வகுத்தவர்கள் இதை உணர்ந்திருக்கிறார்கள். தரையிறங்கிய பிறகு இறங்குகலத்தையே நிரந்தரமாக அணைத்துவிட்டு, மின்கலத்தை மட்டும் நம்பிக் கருவி பதினான்கு நாள் இரவைக் கடக்க வேண்டும் என்பது அவர்கள் ஏற்பாடு.

மற்றவர்கள் இப்படி அணைப்பார்களா? சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் விதிகளில் நிலவின் மறுபக்கம் மறைப்பு மண்டலமாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. வானொலி வானியலுக்கு இடையூறாக அங்கே ஒலிபரப்பக் கூடாது, சில விலக்குகள் மட்டும் உண்டு. அந்த விதி எழுதப்பட்டபோது நிலவைச் சுற்றி இவ்வளவு நடமாட்டம் இல்லை. இன்று சீனாவின் தொடர்புச் செயற்கைக்கோள்கள் அங்கே இயங்குகின்றன, ஐரோப்பாவும் அமெரிக்காவும் நிலவைச் சுற்றி வழிகாட்டி, தகவல்தொடர்பு வலைகள் திட்டமிடுகின்றன. வேண்டுமென்றே ஒலிபரப்பாவிட்டாலும் கலங்களின் மின்னணுச் சாதனங்கள் கசியும். ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் தங்களுக்கு ஒதுக்காத அலைவெண்களிலும் கசிவதை ஐரோப்பாவின் லோஃபார் தொலைநோக்கி 2023-இல் கண்டுபிடித்தது. அதே கதை நிலவிலும் நடக்க எல்லா வாய்ப்பும் இருக்கிறது. அங்கே நடந்துவிட்டால் ஒதுங்கிப் போக இன்னொரு நிலவு இல்லை.

இந்தியா இதில் வேடிக்கை பார்க்கும் நிலையில் இல்லை. 2040-க்குள் நிலவில் மனிதரை இறக்குவதை இலக்காக வைத்திருக்கும் நாடு, நிலவு ஆய்வுக்கான ஆர்ட்டெமிஸ் உடன்படிக்கையில் 2023-இல் கையெழுத்திட்ட நாடு, மறுபக்கத்திலிருந்து கேட்கத் தானே ஒரு கருவியைத் தயாரித்துவரும் நாடு இது. இனி நிலவுக்குப் போகும் ஒவ்வோர் இந்தியக் கலமும் மறுபக்கத்தைக் கடக்கும்போது வாய்மூடி இருக்கும் என்று முதலில் நாமே அறிவிக்க வேண்டும். பிறகு அதே கட்டுப்பாட்டை மற்றவர்களிடமும் கேட்க வேண்டும். பிரதுஷ் தாமதமின்றி ஏவப்பட வேண்டும், ஏனெனில் அங்கே அமைதி இருக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.

லாஸ்பேட்டையில் அப்துல் கலாம் அறிவியல் மையமும் கோளரங்கமும் இருக்கின்றன. பிள்ளைகளை அங்கே அழைத்துப்போகும் ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். நிலவைப் பற்றிப் பேசும்போது சந்திரயான் இறங்கிய இடத்தோடு நிறுத்தாமல், மறுபக்கத்தையும் அது ஏன் சத்தமில்லாமல் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதைக் காக்கும் சட்டங்களை எழுதப்போவதும் அங்கே முதல் ஆன்டெனாவை விரிக்கப்போவதும் அவர்கள் தலைமுறைதான்.